கடைசிக் காம்பரா நாய்

நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது வீட்டில் பேச்சுத்துணை நாய்தான். பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். நாம் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து நாயிடம் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்கிறோம். சிநேகிதிகளின் கைபேசிக் குழுவில் தினமும் ஏதாவது குறிப்பு வருகிறது. உண்ணிக்கு இதைத் தடவு, சொக்லட் கொடுக்காதே, கோழி எலும்பு தொண்டையில் குத்தும், மழைக்காலத்தில் காதைத் துடைத்து விடு. எல்லாவற்றையும் வாசிக்கிறேன். போன வாரம் பண்டாரவளையில் இருக்கும் ஒருத்தி கேட்டிருந்தாள்: பக்கத்து வீட்டுப் பிள்ளையை நாய் கடித்துவிட்டது, முதலில் என்ன செய்யணும்?

உடனே எழுதினேன். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு. சுண்ணாம்போ கோப்பித் தூளோ வைத்துக் கட்டாதே. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நாயை ஒரு பக்கமாகக் கட்டிப் போட்டு, சோறு தண்ணீர் வைத்து, பத்துப் பதினைந்து நாள் பார்த்துக்கொண்டிருங்கள். யாரையும் அதை அடிக்க விடாதே.

அவள் நன்றி சொல்லிவிட்டு, “கடைசியில் சொன்னது எதற்கு? உனக்கு நாய் மேல் அவ்வளவு பாசமா?” என்று கேட்டிருந்தாள். பதில் எழுதத் தொடங்கினேன். கைபேசியில் எழுதி முடிக்கிற பதிலாக அது இல்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அறுபதுகளின் கடைசி. பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா. ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம். முன்னால் பத்து வீட்டுக்கும் சேர்த்து நீளமாகத் திண்ணை மாதிரி ஒரே இஸ்தோப்பு. எங்களுடையது ஏழாவது. கடைசிக் காம்பராவில் அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை. எங்கள் அப்பாவை “அண்ணே” என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. அவளுடைய புருஷன் லுணுகலைப் பக்கம் வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. நாய் இருந்தது.

செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய். இடது காதில் பாதி இல்லை. அதற்குப் பெயர் வைத்த மாதிரி எனக்கு நினைவில்லை; வயதான பிறகும் அத்தை அதை “குட்டி” என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற பீலியில் அதைக் குளிப்பாட்டி, வெயிலில் உட்கார வைத்து, காது மடலைப் புரட்டி உண்ணி பொறுக்குவாள். பொறுக்கிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றிய தகர மூடியில் போடுவாள். காலையில் தனக்கு இரண்டு ரொட்டி தட்டினால் அதற்கு ஒன்று. அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குக் கிளம்பும்போது நாயும் பின்னாலேயே போகும். சவுக்கு மரம் நிற்கிற பாதை முடக்கு வரைக்கும் போய், அங்கே அவள் ஒரு வார்த்தை சொன்னதும் திரும்பி வந்து படியில் படுத்துக்கொள்ளும். பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நாற்பது பெண்கள் மலையிறங்கி வருவார்கள். அத்தனை காலடியில் அத்தையின் காலடி எது என்று அதற்குத் தெரியும். முதலில் ஒரு காது நிமிரும்.

லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதன் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறோம், மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடிக் காற்று பலமாக அடித்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. தோட்டத்தின் கீழ்ப் பகுதியை நாங்கள் கீழ்க்கணக்கு என்போம்; அங்கே எங்கிருந்தோ வந்த ஒரு நாய் ஒரு பசுவைக் கடித்துவிட்டுப் போனதாம். சில கிழமை கழித்து அந்தப் பசு தண்ணீர் குடிக்காமல், நுரை தள்ளி, கட்டுத்தறியை முட்டி முட்டிச் செத்தது. அதன் பாலைக் குடித்த வீடுகளில் பயத்தில் அழுகை. வெறிநாய் வெறிநாய் என்று எல்லா லயத்திலும் அதே பேச்சு. பெரியவர்கள் கையில் கம்பில்லாமல் பீலிக்குக்கூடப் போகவில்லை.

எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, அதைவிடப் பெரிய விஷயம், தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் நின்ற பேரிக்காய் மரம். அந்தக் காய் ஒன்றும் ருசி இல்லை. கல்லு மாதிரி இருக்கும், கடித்தால் நாக்கு வறளும். ஆனால் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் மேல் லயத்துப் பையன் ஒருவன் அங்கே பிடிபட்டான். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில், அத்தனை ஆட்கள் முன்னால், அவனுடைய தகப்பனைத் தனியாக நிறுத்தி வைத்துத் துரை கத்தினார். ஒரு கிழமைக்கு அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம் அப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “எம் புள்ளைங்க யாராச்சும் அந்தக் கம்பிப் பக்கம் போனீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

நான் போனேன். தனியாகத்தான் போனேன். நாலு காய் பறித்துப் பாவாடையில் முடிந்துகொண்டு வெளியே வருகையில் தோட்டக்காரன் இருமுகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் கம்பிக்கு இடையில் காலை இழுத்தேன். வலது கெண்டைக்காலில் இரண்டு நீளக் கீறல். கீழே ஒரு ஆழமான ஓட்டை. இரத்தம் கணுக்கால் வரை வந்தது. ஓடி வந்து காய்களை எங்கள் அடுப்படி விறகுக்குள் ஒளித்தேன். அந்தக் காய்களை யாரும் தின்னவில்லை. பின்னால் அவை அழுகி நாற, எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா விறகையெல்லாம் புரட்டினாள்.

அம்மா வேலை விட்டு வந்தபோது நான் இஸ்தோப்பில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி கைக்குழந்தை. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என் பாவாடையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி இது?”

அத்தையின் நாய் படியில் படுத்திருந்தது. அதைப் பார்த்தேன். நான் அப்போது யோசித்தேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். யோசிக்கவில்லை. கண் அங்கே போனது, விரலும் போனது.

“நாய் கடிச்சிருச்சா?”

தலையாட்டினேன்.

அம்மா போட்ட சத்தத்தில் பத்துக் காம்பராவும் வெளியே வந்தது. ஒருத்தி சுண்ணாம்பு கொண்டு வந்தாள், ஒருத்தி கோப்பித் தூள். மிளகாயை அரைத்து அப்பச் சொன்னாள் இன்னொருத்தி, அதையும் அப்பினார்கள். யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. நான் அலறிய அலறலை விஷம் ஏறுகிற அலறல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா, தேயிலைச் செடியை வெட்டி விடுகிற கவ்வாத்து மலையிலிருந்து வந்தார். என் காலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். நாய் அதற்குள் எழுந்து தேயிலைக்குள் போய்விட்டது. இரண்டு ஆட்கள் கம்போடு போனார்கள். யாருக்கும் அது அகப்படவில்லை. அப்போதுதான் அத்தை வந்தாள். தலையில் விறகுக் கட்டு. விஷயத்தைக் கேட்டதும் கட்டை இறக்காமலே நின்றாள்.

“எங் குட்டியா? கடிச்சுச்சா?”

“எம் புள்ள பொய்யா சொல்லுது?” என்றார் அப்பா. “கூப்புடு தங்கச்சி அத. நீ கூப்புட்டாத்தான் வரும்.”

“அண்ணே, கட்டிப் போட்டுப் பாப்போம்ண்ணே. சங்கிலி கூட வாங்கிருவோம். நாலு நாள் பாத்துட்டு…”

“எம் புள்ள செத்த பொறகு பாக்குறதா? கீழ்க்கணக்குல மாடு செத்தது மறந்துருச்சா? நாளைக்கு இந்த லயத்துல இருக்க எல்லாப் புள்ளைங்களையும் கடிக்கும்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அப்பா பக்கம். எல்லோருக்கும் பிள்ளை இருந்தது. அத்தை ஒரு முறை எல்லா முகத்தையும் பார்த்தாள். அந்த லயத்தில் அவளுக்கு நாங்கள்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க நாங்கள், கூரைத் தகடு பறந்தால் ஆணி அடிக்க அப்பா. அவள் விறகை இறக்கி, அதைக் கட்டியிருந்த கயிற்றையே உருவி எடுத்து, தேயிலையைப் பார்த்து “குட்டீ” என்றாள். ஒரு தரம்தான். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து கழுத்தைக் கொடுத்தது.

லயத்துக்குக் கீழே, தண்ணீர் ஓடுகிற கானோரமாகக் கூட்டிப் போனார்கள். “நீயே புடிச்சுக்க தங்கச்சி, ஒனக்குத்தான் அடங்கி நிக்கும்” என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பொழுது இன்னும் சாயவில்லை. கதவு இடுக்கில் வெயில் கோடு விழுந்திருந்தது. நாய் குரைக்கவே இல்லை. அடி விழுகிற சத்தம்தான். இப்போது சொல்லிவிடலாம், இப்போது, இப்போது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அப்பா உள்ளே வந்து மண்வெட்டியை மூலையில் சாய்த்துவிட்டு என் தலையைத் தடவினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவரைக் கொடுமைக்காரர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்தவர்களில் அவரைவிட இளகிய மனசுக்காரர் இல்லை.

மறுநாள் காலை தோட்டத்து மருந்து சாலையில் டிஸ்பென்சர் ஐயா முதலில் மிளகாயை எல்லாம் கழுவித் துடைத்தார். திட்டிக்கொண்டேதான் துடைத்தார். பிறகு கேட்டார்: “நாய் எங்க?”

“அடிச்சாச்சுங்க.”

“அடிச்சிட்டீங்களா? ஏம்பா, உசுரோட இருந்தா கட்டிப் போட்டுப் பத்து நாள் பாத்திருக்கலாமே! நாய்க்கு ஒண்ணும் ஆகலைன்னா புள்ளைக்கும் ஒண்ணுமில்ல. இப்ப எதப் பாத்து நான் சொல்றது?”

அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். டிஸ்பென்சர் ஐயா பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதினார். வயிற்றில் பதினான்கு ஊசி. ஒரு நாளுக்கு ஒன்று. ஒரு நாளும் தவறக் கூடாது.

அம்மாவுக்குக் கைக்குழந்தை. அப்பாவுக்குக் கவ்வாத்து நேரம், பதினான்கு நாள் வேலைக்குப் போகாமல் நிற்க முடியாது. என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“என் நாய் செஞ்ச காரியம். நானே கூட்டிட்டுப் போறேண்ணே.”

“வேணாம் தங்கச்சி, ஒனக்கு வேலை கெட்டுரும்.”

“கெட்டாக் கெடட்டும்.”

நான் பாயில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரோடு வேண்டுமானாலும் போகிறேன், அத்தை வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஏன் என்று கேட்பார்கள். படுத்தே இருந்தேன்.

அப்படித்தான் அந்தப் பதினான்கு நாளும் தொடங்கிற்று. காலையில் அத்தை ஒரு கறுப்புக் குடையோடு வருவாள். இரண்டு மைல் இறங்கினால் பஸ் ரோடு. பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வளைவுகளில் நான் விழாமல் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் உட்கார நீளமான வாங்கு, டெட்டோல் வாசம், சுவரில் பச்சைச் சாயம். முதல் நாள் டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பல்லா, நகமா? கீறின மாதிரியும் இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லு, நாய் என்ன செஞ்சது?”

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் எனக்குத் திறந்து வைத்ததில்லை. அத்தை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்தாள்.

“கடிச்சுச்சு,” என்றேன்.

ஊசி போடுகிற நர்ஸை மிஸ்ஸி என்போம்; அவள் ஒரு சிங்களப் பெண். கொதித்த தண்ணீரிலிருந்து கண்ணாடிச் சிரிஞ்சியை எடுத்து ஊசியைப் பூட்டினாள். அந்த ஊசி என் கை நீளம் இருந்ததாக இப்போதும் நினைக்கிறேன், இருந்திருக்காது. “பயம் வேணாங் பபா, சின்ன வலி,” என்று சொல்லி வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினாள். அத்தை என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள். “என்னையப் பாரு, என்னையப் பாரு” என்றாள். அவளைப் பார்ப்பது ஊசியைவிடக் கஷ்டமாக இருந்தது. மிஸ்ஸி முதல் நாள் தொப்புளுக்கு வலப்பக்கம் குத்தினாள், மறுநாள் இடப்பக்கம், பிறகு மேலே, பிறகு கீழே. ஐந்தாம் நாளில் வயிறு முழுக்க நெல்லிக்காய் நெல்லிக்காயாக வீங்கிப் பாவாடை நாடாவைக் கட்ட முடியவில்லை.

லயத்தில் என்னை யாரும் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை. வெறிநாய் கடித்தவள் தண்ணீரில் முகம் பார்த்தால் நாய் தெரியும் என்றார்கள். அம்மா தண்ணீர்க் குடத்தைத் துணி போட்டு மூடினாள். அப்பா கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று குரைத்துவிட்டு ஓடினார்கள். மூன்றாம் காம்பராக்காரி வந்து, சும்மா நலம் விசாரிப்பவள் மாதிரி, ஒரு கோப்பைத் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு நான் குடிக்கிறேனா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காம்பராவுக்குள்தான் இருந்தேன். ஜன்னல் இல்லாத காம்பரா. புகை, தம்பியின் மூத்திரத் துணி, சாத்திய கதவு.

என்னை எந்த நாயும் கடிக்கவில்லை என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும், ஏழாம் நாள் என்று நினைக்கிறேன், கோப்பையை வாயருகே கொண்டுபோனால் தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீருக்குள் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். குரைத்துவிடுவேனோ என்ற பயத்தில் இருமலை அடக்கினேன்.

ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. அத்தை கேட்ட கேள்விதான் பெரிது.

அவள் ஒரு நாளும் என்மேல் சந்தேகப்படவில்லை. அவளுக்கு நாயைத்தான் புரியவில்லை. மலையிறங்கும்போது மெதுவாகக் கேட்பாள்: “அத மிதிச்சிட்டியாம்மா?”

“இல்ல.”

மறுநாள்: “சோறு தின்னும்போது தொட்டியா?”

எதையாவது சொன்னால் விட்டுவிடுவாள் என்று, “ஆமா அத்தை” என்றேன்.

பஸ் ஏறி, ஊசி போட்டு, திரும்பி வருகிற வரைக்கும் அதை மனசில் வைத்திருந்தாள். “அன்னைக்கி நான் சோறு வைக்கலியே. ரொட்டிதானே வச்சிட்டுப் போனேன்.”

“ரொட்டிதான் அத்தை.”

“ரொட்டியத் தொட்டா ஒனக்கு வுட்டுக் குடுத்துட்டுல்ல அது நிக்கும்…” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். அதற்கடுத்த நாள் வாலைப் பிடித்தேன் என்றேன். அதற்கடுத்த நாள் கல்லால் அடித்தேன் என்றேன். ஒவ்வொன்றையும் அவள் வாங்கி, புரட்டிப் பார்த்து, பொருந்தாது என்று வைத்துவிட்டாள்.

பதினோராம் நாள் ஊசி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மத்தியான வெயில். கூட்டமில்லை. எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள். திடீரென்று, “இப்பத்தான் எனக்குப் புரியுது,” என்றாள். “கொஞ்ச நாளாவே அது ஒரு பக்கமா மென்னுச்சு. ரொட்டிய நனைச்சுக் குடுத்தாத்தான் தின்னுச்சு. பல்லு வலி இருந்திருக்கும். வாயத் தொறந்து பாத்திருக்கணும் நான். உண்ணி பொறுக்கத் தெரிஞ்சவளுக்கு அதப் பாக்கத் தோணல. வலியிலதான் ஒன்னைக் கடிச்சிருக்கும். எம் மேலதாம்மா தப்பு.”

பணிஸ் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

“அத்தை, அது கடிக்கல.”

“என்னம்மா?”

“அது என்னையக் கடிக்கவே இல்ல. பங்களா கம்பி கிழிச்சுச்சு.”

அவள் குனிந்து என் பாவாடையை விலக்கிக் காலைப் பார்த்தாள். கீறலின் மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்தாள். பிறகு பாவாடையை இறக்கிச் சரிசெய்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டாள். வளைவில் பஸ் சாய்ந்தபோது தோளைப் பிடிக்கவில்லை. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் அவள் வேகமாக ஏறினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சவுக்கு மரத்து முடக்கில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. ஒங்கப்பன் தாங்க மாட்டாரு. பங்களாவுக்குத் தெரிஞ்சா அவரு வேலையும் போயிரும்.”

“நாளைக்கு ஊசிக்கு?”

“போகணும்.”

“அதான் கடிக்கலியே அத்தை.”

அப்போதுதான் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாகப் போயிருக்கும். “மூணு நாளு இருக்கு. நான் கூட்டிட்டுப் போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது?”

மறுநாள் காலை அதே நேரத்துக்குக் குடையோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போனேன். அவள் வெளி வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அம்மா எங்கே?” என்று மிஸ்ஸி கேட்டாள். வெளியே என்று கையைக் காட்டினேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. கடைசி நாள் மிஸ்ஸி என் கன்னத்தில் தட்டி, “ஹரி, சரி, முடிஞ்சது. வீட்டுக்குப் போ,” என்றாள்.

முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்ணாடி திரும்பியது, குடத்துத் துணி போயிற்று, பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். அத்தை முன்பு போலவே எங்கள் வீட்டுக்கு வந்தாள், உப்பு கடன் வாங்கினாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னை “என்னம்மா” என்றுதான் கூப்பிட்டாள். தொடவில்லை. அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த வருஷம் அப்பா எங்கிருந்தோ ஒரு வெள்ளை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். அவள் அதன் தலையை ஒரு விரலால் தடவிவிட்டு, “வேணாம்ண்ணே, எனக்கு நாய் வளக்கத் தெரியல,” என்றாள். ஒவ்வொரு காற்றுக் காலத்துக்கும் முன்னால் அப்பா அவளுடைய கூரைத் தகடுகளுக்கு ஆணி அடித்துக் கொடுப்பார். வேறெதுவும் அவருக்குச் செய்யத் தெரியவில்லை.

பத்துப் பதினோரு வருஷம் போயிற்று. துரை போய், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்து, பேரிக்காய் மரத்தையும் யாரோ வெட்டிவிட்டார்கள். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தைதான் அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றினாள். மாப்பிள்ளையின் தாய் என் காலில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை அது. கல்யாண வீடு, செத்த வீடு என்று எங்கே சொன்னாலும் அவர் குரல் இளகிவிடும். “வெறிநாய் கடிச்சதுங்க. நான் மட்டும் அன்னைக்கி ஓடிப் போயி அத அடிக்கலைன்னா எம் புள்ளைய இன்னைக்கி நீங்க பாத்திருக்க மாட்டீங்க.”

அத்தை தட்டோடு வாசலில் வந்து நின்றிருந்தாள். கோப்பைகளில் தேத்தண்ணி ஆடவில்லை. அவ்வளவு அசையாமல் பிடித்திருந்தாள்.

நான் சொன்னேன்: “என்னைய நாய் கடிக்கலப்பா. பங்களா முள்ளுக்கம்பி கிழிச்சது.”

மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். “தழும்ப நாங்க குறை சொல்லிருவோமோன்னு பொண்ணு பயப்படுது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே அத்தையைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் போனதும் என்னிடம் வந்தார். “நெசமாவா?”

“ஆமாப்பா.”

“அவளுக்குத் தெரியுமா?”

“பதினோராம் ஊசியன்னைக்கே சொல்லிட்டேன்.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷமா, இத்தனை வருஷமா என்று இரண்டு தரம் சொன்னார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து இஸ்தோப்பு வழியாகக் கடைசிக் காம்பராவுக்கு நடந்தார். வந்தவர்கள் குடித்த கோப்பைகளைக் கழுவுகிற சாக்கில் நானும் கொஞ்ச தூரம் பின்னால் போய் ஒன்பதாம் காம்பரா வாசலில் நின்றுகொண்டேன்.

அத்தை படியருகே உட்கார்ந்து சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா முன்னால் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலால் ஒரு பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார்.

“மொத அடி நாந்தான் அடிச்சேன் தங்கச்சி.”

“தெரியும்ண்ணே,” என்றாள் அத்தை, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். “கயித்தப் புடிச்சிருந்தது நாந்தானே.”

அவள் எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை ஊதி ஊதிக் குடித்தார். அவள் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கித் தரையில் போட்டாள். நான் ஈரக் கோப்பைகளோடு ஒன்பதாம் காம்பரா வாசலிலேயே நின்றேன். நாலு எட்டு வைத்தால் போதும், மூன்றாவதாக நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். நான் போகவில்லை.